நத்தார் பெட்டியத் திருப்பி அனுப்புறேன், சவரி

என் ராசா சவரிமுத்துக்கு,

ஒன் கடுதாசியும், சேசு பொறந்த நாளுக்குன்னு நீ அனுப்புன பெட்டியும் ஒரே வண்டியில வந்து சேந்துச்சு. வண்டிக்காரரு பெட்டிய நம்ம காம்பரா வீட்டுத் திண்ணை இஸ்தோப்புல எறக்கி வைக்கிறதுக்குள்ள லயத்து வரிசையில பாதி வீடு கூடிருச்சு. என்னா கனம், என்னா கனம்னு ஆளாளுக்கு ஒரு பக்கம் தூக்கிப் பாத்தாங்க. நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டு, எம் மவன் பதுளைக் கடையில இருந்து அனுப்பியிருக்கான்னு நாலு தரம் சொன்னேன். அப்புறம் உள்ள தூக்கிட்டு வந்து கதவச் சாத்திக்கிட்டுத் தெறந்து பாத்தேன். பூப்போட்ட ஜமுக்காளம், வாசலுக்குத் தொங்கவிடுற லேசுத் துணி, சேசு பொறந்த கொட்டிலாட்டம் மடிச்சு விரிக்கிற காயிதக் கூடு, படம் போட்ட பிஸ்கோத்து டப்பா, கண்ணாடிக் கிளாசு ஆறு, வாசனை சவுக்காரம். சவுக்காரத்த எத்தனை தரம் மோந்து பாத்தேன்னு கேக்காத. பிஸ்கோத்துல ஒண்ணு தின்னேன். அதையும் இப்பவே சொல்லிட்டேன், பெட்டி திரும்பி வந்து நீ எண்ணிப் பாக்குறப்போ எலி தின்னுச்சுன்னு நெனைக்க வேணாம்.

ஆமாடா, பெட்டி திரும்பித்தான் வருது. இந்தக் கடுதாசி எதுக்குன்னா அதுக்குத்தான். நீ எழுதியிருந்தத அப்பாவுக்கு ரெண்டு தரம் படிச்சுக் காட்டினேன். கலியாணம் முடிஞ்சு வர்ற மொத நத்தார், அத்தையும் மாமாவும் ரெஜினாவோட தோட்டத்துக்கு வர ஆசப்படுறாங்க, நம்ம காம்பரா இருக்குற இருப்புல அவங்களக் கூட்டிட்டு வர எனக்கு வெக்கமா இருக்கு, இந்தச் சாமானெல்லாம் வச்சு வீட்ட ஒழுங்கு பண்ணுங்க, முடியாதுன்னா சொல்லுங்க, நாங்க நத்தாருக்கு பதுளையிலயே இருந்துடுறோம். இதுதான நீ எழுதுனது. ஒரு எழுத்து மாத்தாமச் சொல்லுறேன் பாரு, எனக்கு மனப்பாடம். இன்னொண்ணும் எண்ணிப் பாத்தேன். அந்தக் கடுதாசியில ஒன் பொண்டாட்டியப் பெத்தவங்கள அத்தைன்னு எட்டு எடத்துல எழுதியிருக்க. அம்மான்னு ரெண்டு எடத்துல இருக்கு, அதுல ஒண்ணு மேல போடுற அன்புள்ள அம்மாவுக்கு. அப்பா கேட்டுட்டு, "வேணாம்னா வேணாம்னு எழுதிப் போடு, அதுக்கு எதுக்கு இத்தன தாளு"ன்னாரு. அந்த மனுசனுக்கு என்னா தெரியும். தேயிலை ஸ்டோருல கொழுந்து வாட்டுறாரு, வீட்டுல நான் வாடுறது தெரியாது.

எழுத்து கோணலா இருந்தா கோவிக்காத. ஒனக்குத் தெரியும், நான் பள்ளிக்கூடத்து வாசல மிதிக்காதவ. பாட்டுப் பொஸ்தகத்த வச்சுத்தான் எழுத்துப் படிச்சேன். பாட்டெல்லாம் எனக்கு நெஞ்சுல இருந்துச்சு, எழுத்து மட்டும் தெரியாது. அதனால மனசுக்குள்ள பாடிக்கிட்டே வெரல ஒவ்வொரு எழுத்து மேலயும் வச்சு, இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்துன்னு நானே கண்டுபிடிச்சேன். அதான் இப்பவும் எழுதுறப்போ வாய் முணுமுணுக்குது. பஜனைன்னா எனக்கு அப்பிடி ஒரு கிறுக்கு. கலியாணம் ஆகி இந்தத் தோட்டத்துக்கு வந்த மொத வருசம் பஜனைக்காரங்க பின்னாலயே ஏழு லயமும் நடந்தேன். புதுப்பொண்ணு இப்பிடி ஓடுதேன்னு கெழவிங்க சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். உபதேசியாரு அந்த மொத அடிய எடுக்குறப்போ, மாரியம்மன் கோயில் பயலுக தப்பு மேளத்த மெதுவாத் தட்டுறப்போ, மழையும் அதுக்குத் தாளம் போடுறப்போ, எனக்கு இப்பவும் கையில மயிரு சிலிர்க்குது.

அந்தப் பஜனையப் பத்தித்தான் ஒனக்குச் சொல்லணும். பெட்டி ஏன் திரும்பி வருதுங்குறது அதுலதான் இருக்கு. நத்தார் அன்னைக்கு சாமியாரு பதுளைக் கோயில்ல பூசை வைப்பாரு, மார்கழி மழையில இங்க இருந்து எல்லாரும் எறங்கிப் போக முடியாது. அதனால விடியக் கருக்கல்ல உபதேசியாரு பஜனைய ஆரம்பிச்சு லயம் லயமா வருவாரு. புதுக் கொழுந்துக் கூடைக்குள்ள வைக்கோலும் எலை தழையும் போட்டு அதுல பாலன் சேசு சொரூபத்த வச்சு ஒருத்தர் சொமந்துக்கிட்டு வருவாங்க. வீட்டுக்கு வீடு நின்னு பாடுவாங்க. கடைசி வீட்டுல பாலன எறக்கி வச்சா, மூணு ராசா திருநாள் வரைக்கும் பதிமூணு நாளு பாலன் அந்த வீட்டுலதான் தங்கும். எது கடைசி வீடுன்னு யாரும் முன்கூட்டிச் சொல்லுறது கெடையாது. நடந்து களைச்சு வந்த சனம் எந்த வீட்டுல உக்காந்த பெறகு எந்திரிக்க மனசில்லாமப் போகுதோ, அங்க கூடை எறங்கிரும். அவ்வளவுதான் அதுக்குச் சட்டம். நீ இதெல்லாம் பாத்து வளந்தவன், ஒனக்குத் தெரியும். ஆனா எனக்கு அதுல என்னா நடந்துச்சுன்னு ஒனக்கு முழுசாத் தெரியாது.

பாலன் வருசா வருசம் தங்குனது நம்ம அடுத்த காம்பரா பாக்கியம் வீட்டுல. அவ வீட்டுல என்னடா இருந்துச்சு. அஞ்சு புள்ளைக, ஒழுகுற தகரம், ஒரு சட்டி. தோடம்பழத்த ரெண்டா வெட்டிச் சொளைய அந்த அஞ்சும் தின்ன பெறகு, அந்தத் தோலுல தேங்காண்ணை ஊத்தித் திரி போட்டு இஸ்தோப்பு நெடுக வைப்பா. அவிச்ச மரவள்ளிக் கெழங்கு, காரமா இடிச்ச கட்டசம்பல், சீனி இல்லாத தேத்தண்ணி, தொட்டுக்கக் கருப்பட்டித் துண்டு. இதுக்குப் போயி ஏழு லயத்துச் சனமும் அவ வீட்டுல குந்திக்கிட்டு, சாமி பாட்டு முடிஞ்சு வேற பாட்டும் பாடி, ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணிச் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கும். நடுவுல ஒரு மரப்பலகை சொவரு, இந்தப் பக்கம் நான். அந்தச் சிரிப்பு எல்லாம் எனக்குக் கேக்கும். பஜனைக்காக உசுரையே விடுறவ நான், எல்லாப் பாட்டும் தெரிஞ்சவ நான், பாலன் போறது அவ வீட்டுக்கு. ஏற்கெனவே அஞ்சு புள்ள இருக்குறவளுக்கு ஆறாவதா பாலனுமா, ஒத்தப் புள்ளக்காரி என் வீட்டுக்கு வந்தா ஆகாதான்னு நான் சாமிகிட்டயே சண்ட போட்டிருக்கேன். வயிறு எரிஞ்சுச்சுடா. பொய் சொல்ல மாட்டேன். அவ கூடையில எங்கூடையவிடக் கொழுந்து கூட இருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல. இது மட்டும் பொறுக்கல.

நீ எட்டு வயசா இருந்தப்போ, இந்த வருசம் விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். மூக்குத்தியக் கழட்டி முடிஞ்சுக்கிட்டு ஸ்பிரிங்வெளி வழியா பதுளைக்கு எறங்குனேன். அப்ப ரயிலு பதுளைக்கு வரல, ஆனா கடையில சாமான் இருந்துச்சு. கடைக்காரரு என்னப் பாத்ததுமே, "வாங்க தாயி, நத்தாருக்கா"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். "பங்களாவுல எல்லாம் இப்ப வெள்ள விரிப்புதான் போடுறாங்க. வீட்டுக்கு வர்றவங்க மொதல்ல என்னத்தப் பாப்பாங்க சொல்லுங்க. தரையத்தான பாப்பாங்க"ன்னாரு. அவரு மேல தப்பில்ல, அவரு யாவாரி, சாமானத்தான விப்பாரு. நான்தான் என் வயித்தெரிச்சலக் கொண்டுபோயி அவரு பலகை மேல வச்சேன். மூக்குத்திக் காசுல வெள்ளத் துணி வாங்குனேன், கண்ணாடி வெளக்கு வாங்குனேன், ராணி படம் போட்ட பிஸ்கோத்து டப்பா வாங்குனேன், சிவப்புக் காயிதப் பூ வாங்குனேன். தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தப்போ மழையில பூவுச் சாயம் எறங்கி என் ரவிக்கை எல்லாம் செவந்து போச்சு. அதையும் பெருமையாத்தான் நெனச்சேன்.

நத்தார் காலையில தரைய மெழுகி, காய வச்சு, அந்த வெள்ளத் துணிய சொவருக்குச் சொவரு விரிச்சேன். ஒரு சுருக்கம் இல்லாம. ஒன்னைய ஒரு மூலையில உக்கார வச்சு அசையாதன்னேன். அப்பா வாசல்லயே நின்னுக்கிட்டு, "நான் எங்க நிக்கிறது"ன்னு கேட்டாரு. வெளியன்னேன். பாட்டுச் சத்தம் மேட்டு லயத்துல இருந்து எறங்கி வருது. வந்துட்டாங்க. நாலஞ்சு மைலு மழையில நடந்த சனம்டா அது. முழங்காலு வரைக்கும் சேறு, அட்டை கடிச்சு ரத்தம் ஒழுகுது, தலையில போட்ட கம்பளி சொட்டுது. வாசல்ல நின்னு உள்ள பாத்தாங்க. தப்படிக்கிற பயலுக கூட அடிக்கிறத நிறுத்திட்டானுக. அப்பிடியே வெள்ள வெளேர்னு இருந்துச்சு என் வீடு. உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். வாய்தான் கூப்பிட்டுச்சு. கண்ணு அவங்க காலப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்ப ஒரு சின்னப் புள்ள, மேட்டு லயத்துப் புள்ள, பிஸ்கோத்து டப்பாவப் பாத்துட்டு ஓடி வந்து துணி மேல கால வச்சிருச்சு. சின்னக் காலு, அஞ்சு வெரலும் சேத்துல அப்பிடியே பதிஞ்சுச்சு. என் வாயில இருந்து, "ஐயோ துணி"ன்னு வந்துருச்சு. ரெண்டே வார்த்தைடா சவரி. அந்தப் புள்ளயோட ஆத்தா வந்து அதுக்கு முதுகுல ஒண்ணு வச்சு இழுத்துக்கிட்டா. உபதேசியாரு சிரிச்ச முகமா, "தாயி, கால்ல சேறு. நாங்க வெளிய இருந்தே பாடிடுறோம்"னாரு. இறவாரத்துக்கு வெளிய மழையில நின்னு ஒரு பாட்டுல ரெண்டு அடி பாடுனாங்க. நான் டப்பாவத் தூக்கி நீட்டுனேன். "கை ஈரமா இருக்கு தாயி, பெறகு எடுத்துக்கறோம்"னு சொல்லிட்டு அடுத்த வாசலுக்குப் போயிட்டாங்க. பாக்கியம் குரலு கேக்குது, "ஏன் நிக்கிறீங்க, வந்து குந்துங்க, சேறு என்னா, நானும் சேத்துலதான் நிக்கிறேன்". கூடை அங்கதான் எறங்குச்சு.

நான் திரும்பி மூலையப் பாத்தா ஒன்னக் காணோம். எனக்குத் தெரியாதா எங்க போயிருப்பன்னு. போயி எட்டிப் பாத்தா பாக்கியத்தோட அஞ்சுக்கு நடுவுல நீ ஆறாவதா ஒக்காந்து கெழங்குல சம்பலத் தொட்டு, உஸ்ஸு உஸ்ஸுன்னு ஊதித் தின்னுக்கிட்டு இருக்க. அந்த ஆறாவது எடம் என் கண்ணுல கங்கு மாதிரி விழுந்துச்சு. சபைக்கு நடுவுல ஒன் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். வீட்டுல ஒண்ணும் இல்லையா ஒனக்குன்னு கத்தி, டப்பாவத் தெறந்து ஒன் வாயில பிஸ்கோத்த அடைச்சேன். ஒண்ணு ரெண்டு இல்ல. நீ மூச்சு முட்டி அந்த வெள்ளத் துணியிலயே வாந்தி எடுத்த. அதுக்கும் அடிச்சேன். அழுதுக்கிட்டே நீ ஒண்ணு சொன்ன, ஒனக்கு ஞாபகம் இருக்கோ இல்லயோ. "அங்க உக்காரலாம்மா"ன்ன. அவ்வளவுதான் சொன்ன. எட்டு வயசுப் புள்ள. நான் அந்தத் துணியத் தொவைக்கிறேன்னு கால்வாய்க்குப் போயி, யாரும் பாக்காம நல்லா அழுதுட்டு வந்தேன். ஒன்ன அடிச்சதுக்கு அழுதேன்னு சொன்னா நல்லாருக்கும். ஆனா அன்னைக்கு நான் அழுதது கூடைக்காகத்தான். ஒன்ன அடிச்சது அதுக்கப்புறம் ரொம்ப நாளு கழிச்சுத்தான் வலிக்க ஆரம்பிச்சுச்சு. இன்னும் வலிக்குது.

இப்ப சொல்லு ராசா. நீ எழுதியிருக்குறது என்னா. அத்தை வந்தா மொதல்ல தரையத்தான் பாப்பாங்கன்னு எழுதியிருக்க. அந்தக் கடைக்காரரு பேசுன அதே பேச்சு. நீ கடையில நின்னு நாள் பூரா மத்தவங்களுக்குச் சொல்லுறதாலயோ என்னவோ, அந்தப் பேச்ச ஒனக்கே நீ வித்துக்கிட்ட. ரயிலு வந்ததுல இருந்து பதுளைக் கடைத்தெருவுல நத்தார் சாமான் குமிஞ்சு கெடக்காம், இது இல்லாட்டி நத்தாரே இல்லன்னு ஆளுக பேசிக்கிறாங்களாம், வண்டிக்காரரு சொன்னாரு. வாங்குறவங்க வாங்கட்டும். காயிதக் கூடு அழகாத்தான் இருக்கு, நான் அழகு இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம காம்பரா பத்தடிக்குப் பன்னெண்டடி. அதுல ஜமுக்காளத்த விரிச்சா, அது மேல யாரு வருவா யாரு வர மாட்டான்னு அந்த ஜமுக்காளமே முடிவு பண்ணிரும். ஒன் அத்தை மாமா உள்ள உக்காருவாங்க. மேட்டு லயத்துச் சனம் வெளிய நிக்கும். நீ எந்தப் பக்கம் நிப்பன்னு யோசிச்சுப் பாரு.

இதெல்லாம் நான் ஒனக்குச் சொல்லுற புத்தி. நல்ல புத்திதான். ஆனா இன்னொரு காரணமும் இருக்கு, அத மறைச்சா இந்தக் கடுதாசி பொய்யாயிரும். எனக்கு ஒன் அத்தை மேல பொறாமை. சொல்லிட்டேன். கலியாணத்துக்கு அவங்க வீட்டுக்கு வந்தப்போ பாத்தேன். மாமா தையக்கடையில மிஞ்சுன துண்டெல்லாம் வச்சு அவங்களே தச்ச திரையும் மேசைத் துணியுமா இருந்துச்சு, அங்க நாக்காலி நுனியில நான் உக்காந்து உக்காந்து எந்திரிச்சேன். அதுக்கெல்லாம் எனக்குப் பொறாமை வரல, நம்பு. ஒனக்குத் தேத்தண்ணி கொண்டாந்தாங்க பாரு, கொண்டாந்து, ஒனக்குச் சூடு ஆகாதுன்னு தெரிஞ்சு, ரெண்டு தரம் ஆத்திக் குடுத்தாங்க. ஒனக்குச் சூடு ஆகாதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னது. அது எனக்கு மட்டும் தெரிஞ்ச விசயம்டா. இருவத்தியொரு வருசம் நான் ஆத்துன தேத்தண்ணி. நான் அன்னைக்கு ராத்திரி பூரா அப்பாகிட்ட அவங்க திரைத் துணி கோணலா இருந்துச்சுன்னு பேசிக்கிட்டு வந்தேன். அது கோணலா இல்ல.

அதனால பெட்டியப் பாத்ததும் எனக்கு மொதல்ல என்னா தோணுச்சு தெரியுமா. இதெல்லாம் வச்சா நம்ம வீடு ஒன் அத்தை வீட்ட மாதிரி ஆகும், ஆனா அதுல பாதி கூட ஆகாது, அவங்க உக்காந்து பாத்துட்டுப் பாவம்னு நெனைப்பாங்க. ஒண்ணுமே வைக்காம இருந்தா, கெழங்கும் சம்பலும் வச்சா, அங்க நான்தான் பெரியவ, அவங்களுக்கு அந்தக் காரம் தாங்காதுன்னு ஒரு கெட்ட சந்தோசம். எளிமையா கொண்டாடணும்னு நான் ஒனக்குப் புத்தி சொல்லுறதுக்குள்ளேயே இந்த அழுக்கு ஒக்காந்திருக்கு. சிக்கனமா இருக்குறதுலயும் ஒருத்தர செயிக்கப் பாக்கலாம் போல. இது எனக்கு இந்த வாரம்தான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்ச பெறகு ரெண்டு நாளு ஒனக்கு எழுதவே கை வரல.

இன்னைக்குக் காலையில மழைக்குள்ள கொழுந்து எடுக்கையில எனக்கு அடுத்த நெரையில பாக்கியம். எத்தனையோ வருசமா அடுத்தடுத்த காம்பரா, நல்லது கெட்டதுக்குப் பேசுவோம், உப்பு கேப்போம், ஆனா அந்த நத்தாருக்குப் பெறகு பதிமூணு வருசமா மனசு விட்டுப் பேசுனது கெடையாது. அவதான் ஆரம்பிச்சா.

"ஏ புள்ள, மவன் பெட்டி அனுப்பியிருக்கானாமே. ஒங்க வீட்டு வாசல்ல துணி தொங்கப் போகுதாம். நாங்க குனிஞ்சு வரணுமா, குதிச்சு வரணுமா"ன்னு கேட்டா.

"பெட்டியத் திருப்பி அனுப்புறேங்க்கா."

"எதுக்குடி. பிஸ்கோத்து இருக்குன்னாங்களே."

எனக்கு என்னமோ ஆச்சு. கூடையக் கீழ வச்சுட்டேன். கங்காணி பாத்தா வஞ்சிருப்பாரு. "அக்கா, அந்த வருசத்துல இருந்து ஒங்க மேல எனக்குப் பொறாமைக்கா. பாலன் ஒங்க வீட்டுக்கு வர்றது எனக்குப் பொறுக்கல. அதுக்காகத்தான் அந்தத் துணி. சவரிய ஒங்க வீட்டுல இருந்து இழுத்துட்டுப் போயி அடிச்சேன். இத்தன வருசமா ஒங்களப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்தேன்"னு கொட்டிட்டேன்.

அவ கொழுந்து எடுக்குற கைய நிறுத்தல. "தெரியுமே"ன்னா.

"தெரியுமா?"

"பலகைச் சொவருடி. நீ சாமிகிட்ட சண்ட போடுறது எனக்குக் கேக்காதா." ரெண்டு செடி தாண்டுன பெறகு, என்னப் பாக்காமலே சொன்னா, "அந்த ராணி டப்பாவ நீ வாசல்ல வச்சு நீட்டுனயே, என் அஞ்சும் அதப் பாத்துருச்சு. மூணு நாளு அழுகை. கடக்குட்டி கெழங்கத் தூக்கி எறிஞ்சுட்டா, பிஸ்கோத்துதான் வேணும்னு. அவள ஒரு சின்னக் கொழந்தைய அடிக்கிற மாதிரியா அடிச்சேன், வெளக்குமாத்தால. பாலன் என் வீட்டுல இருக்கு, எல்லாரும் வந்து கும்புடுறாங்க, நானும் முட்டி போட்டுக்கிட்டு என்னா வேண்டுனேன் தெரியுமா. சாமி, அவ டப்பா துரு பிடிக்கணும்னு வேண்டுனேன். பதிமூணு நாளும் அதே வேண்டுதல்தான்."

"துரு பிடிச்சுச்சுக்கா. மறுவருசமே. நான் உப்பு போட்டு வச்சேன்."

"அப்பாடா"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கங்காணி மேல இருந்து, "அங்க என்னா கலியாணமா"ன்னு கத்துனாரு. "கலியாணம் முடிஞ்சு போச்சுங்க, இது சம்பந்தி சண்ட"ன்னு பாக்கியம் திருப்பிக் கத்துனா. சவரி, நான் பதிமூணு வருசமா அவ வீட்டு வெளிச்சத்தப் பாத்து எரிஞ்சேன். அவ பதிமூணு நாளு என் டப்பாவ நெனச்சு எரிஞ்சிருக்கா. நடுவுல ஒரு பலகைதான். ஒருத்தி ஒருத்திகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, அந்த நத்தாருல ஒன் முதுகுலயும் அடி விழுந்திருக்காது, அவ கடக்குட்டி முதுகுலயும் அடி விழுந்திருக்காது. எங்க ரெண்டு பேரு பொறாமைக்கும் அடி வாங்குனது நீங்கதான்.

ஆனபடியால நான் முடிவாச் சொல்லுறேன், கேட்டுக்க. ஜமுக்காளம், லேசுத் துணி, கிளாசு, கூடு, டப்பா, எல்லாம் நாளைக்கு வண்டியில வருது. கடையில திருப்பிக் குடுத்துரு. சவுக்காரம் மட்டும் வச்சுக்கிட்டேன், ரெஜினா வந்தா மொகம் கழுவ. நீங்க வந்தா, சாக்குப் படங்குதான் விரிப்பேன். அது ஈரத்த உறிஞ்சிக்கும், யாரு காலுக்கும் பயப்படாது. கெழங்கு அவிக்க பாக்கியம் பெரிய சட்டி தர்றேன்னிருக்கா, அவளே வந்து அடுப்புகிட்ட உக்காருவா. அத்தைக்கு ஒரு சட்டியில காரம் போடாம எடுத்து வைக்கிறேன். மாமாவுக்கு அப்பா தான் உக்காருற பலகைய விட்டுத் தருவாரு. நீ கடைசி வண்டிக்குத் துணி மணி வாங்கிக்கிட்டு ஓடி வர வேணாம், ஒங்ககிட்ட இருக்குறதுல வெளுத்தத உடுத்திக்கிட்டு வாங்க. பாலன் இந்த வருசம் எந்த வீட்டுல எறங்கும்னு எனக்குத் தெரியாது. நம்ம வீட்டுல எறங்கணும்னு ஆச இருக்கு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். அடுத்த வீட்டுல எறங்குனா, போயி ஒக்காருவேன், இந்தத் தரம் எந்திரிச்சு வர மாட்டேன். பதுளையிலயே இருக்கணும்னு நீ நெனச்சா, இரு. நான் அழுவேன், அதுக்காக நீ வர வேணாம். வெக்கத்தோட வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்குறதவிட, அங்க சந்தோசமா இருக்குறது மேலு.

இந்தக் கடுதாசிய லயத்துல நாலு பேருக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் ஒட்டுறேன். பாக்கியம் கேட்டுட்டு, "என் வெளக்குமாத்த எதுக்குடி எழுதுன"ன்னு கேட்டா, ஆனா அழிக்கச் சொல்லல. ஒன் அத்தைக்கு மட்டும் இதப் படிச்சுக் காட்டிராத. அவங்க தேத்தண்ணி ஆத்துனதுக்கெல்லாம் நான் எரிஞ்சேன்னு தெரிஞ்சா என் மானம் போயிரும்.

இல்ல, படிச்சுக் காட்டு. படிச்சுக் காட்டிட்டு, இருவத்தியொரு வருசம் ஒன்ன வளத்தவ மேல அவங்களுக்கும் அப்பிடிப் பொறாமை ஏதாச்சும் இருக்கான்னு மெதுவாக் கேட்டுப் பாரு. இருக்குன்னாங்கன்னா, வெள்ளனவே கூட்டிட்டு வா. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பேச நெறைய இருக்கு.

ஒன் அம்மா